பாம்பன் – தனுஷ்கோடி கிளைப்பாதை: 15 மைல் தண்டவாளம் திரும்பப் போடப்படாத கதை

எடுத்துக்கொண்ட கேள்வி

தனுஷ்கோடி என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது 1964 டிசம்பர் இரவு. அலை, ரயில், விடிந்தபோது இல்லாமல் போன ஊர். அதைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. இந்த ஆய்வில் அந்த இரவு ஒரு பகுதி மட்டுமே. பாம்பன் கடல் பாலத்தின் 145 கர்டர்களில், அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்களில், 126-ஐ அன்று கடல் கொண்டுபோனது. சில வாரங்களில் பாலத்தை நிமிர்த்திவிட்டார்கள். பாலத்தைத் தாண்டிக் கிழக்கே போன 15 மைல் பாதையை யாரும் திரும்பப் போடவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அதே புயல், அதே ரயில்வே. ஒன்று எழுந்தது, இன்னொன்று ஏன் எழவில்லை?

தமிழ்நாட்டில் மூடப்பட்ட கிளைப்பாதைகள் வேறும் உண்டு. மாயவரம் – தரங்கம்பாடி பாதை 1986-ல் நின்றது. அப்படிப்பட்ட இடங்களில் பஸ்ஸும் நஷ்டக் கணக்கும் சேர்ந்து பாதையை மெல்லத் தேய்த்தன. எந்த நாளில் உயிர் போனது என்று கை வைத்துக் காட்ட முடியாது. தனுஷ்கோடியில் நாள், மணி எல்லாம் தெரியும். அதனாலேயே ஒரு குழப்பமும் வந்துவிட்டது: பாதையை அழித்த இரவையும் பாதையை மூடிய முடிவையும் நாம் ஒன்றாகப் போட்டுப் பார்க்கிறோம். இரண்டையும் பிரித்து வைப்பதே இங்கே வேலை.

சம்பந்தப்பட்ட ஊழியர்கள், பொறியாளர்கள், ஊர்க்காரர்கள் யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை.

பின்னணி: கப்பலுக்காகப் போட்ட பாதை

பாம்பன் பாலம் வருவதற்கு முன்னால் சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர் தூத்துக்குடி வரை ரயிலில் போய், அங்கே கப்பல் ஏறி, ஓர் இரவைக் கடலில் கழிக்க வேண்டும். 1914 பிப்ரவரி 24 அன்று பாலம் திறந்தது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம், தூணுக்குத் தூண் 145 சிறு கண்கள், நடுவில் கப்பலுக்கு வழிவிடும் தூக்குப்பாலம். அதே ஆண்டு இலங்கைப் பக்கத்தில் மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் பாதை வந்தது. நடுவே மிஞ்சியது 22 மைல் கடல். சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் கொழும்பு கோட்டை வரை போகலாம். ரயிலும் கப்பலும் ரயிலுமாகச் சேர்ந்த அந்தப் பயணத்துக்குத்தான் 'போட் மெயில்' என்று பெயர்.

ஊர் அமைப்பைக் கவனிக்க வேண்டும். பாலத்தைவிட்டு இறங்கியதும் பாம்பன் ஜங்ஷன். அங்கே பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று வடகிழக்கே ஆறேகால் மைல் போய் ராமேஸ்வரத்தில் நிற்கும். மற்றது தென்கிழக்கே 15 மைல் போய் தனுஷ்கோடியில் முடியும். இரண்டும் மீட்டர்கேஜ். யாத்திரைக்கு வருகிறவர்களுக்கு ராமேஸ்வரம்தான் பெரிது. ரயில்வேக்கோ மெயில் போகும் பக்கம் பெரிது, அதாவது தனுஷ்கோடி. வரைபடத்தில் இரண்டுமே கிளைதான் என்றாலும், மரியாதை எதற்கு என்பதை அந்த ரயில் தீர்மானித்தது. இந்த வரிசை 1965-ல் தலைகீழாக மாறப்போகிறது.

அந்தப் பாதையில் யார் போனார்கள்? இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்கள். பாலத்தின் கரைப்பக்க ஊரான மண்டபத்தில் இருந்த முகாமில் மருத்துவச் சோதனை முடித்து, தடுத்துவைக்கும் நாட்களைக் கழித்து, கூட்டம் கூட்டமாக ரயில் ஏறினார்கள். கொழும்பில் கடை வைத்திருந்த வணிகர்கள், வட்டிக்குக் கொடுத்து வாங்கிய செட்டியார்கள். காசிக்குப் போய் வந்தவர் சேதுவில் தலை முழுகினால்தான் யாத்திரை நிறையும் என்பதால் வடக்கேயிருந்து வந்த யாத்திரிகர்கள். தபால் மூட்டைகள். தனுஷ்கோடியில் ஸ்டேஷன், சுங்க அலுவலகம், துறைமுக அலுவலகம், தபால் தந்தி ஆபீஸ், ரயில்வே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் இருந்தன. ஆனால் மீனவர் குடியிருப்பை விட்டுப் பார்த்தால் அந்த ஊர் வந்தது ஸ்டேஷனால், ஸ்டேஷன் வந்தது கப்பலால்.

நிலத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் முடிவின் பாதி அங்கேதான் இருக்கிறது. தனுஷ்கோடி ஒரு மணல் நாக்கு. வடக்கே பாக் நீரிணை, ஊர்க்காரர் பேச்சில் பெண் கடல். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல். சில இடங்களில் ஒரு கடலைப் பார்த்து நின்றுகொண்டு தலையைத் திருப்பினால் மற்றது தெரியும். கடலுக்குச் சில அடி மேலே மணல், மணலுக்கு மேலே ஜல்லி, அதற்கு மேலே தண்டவாளம். மேடுகளைப் பிடித்து வைத்திருந்தது இராவணன் மீசை என்னும் முள்புல்தான். 1948, 49 ஆண்டுகளில் தெற்குக் கரை கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் தாழ்ந்து, நீளமான ஒரு துண்டு நிலம் கடலுக்குள் போனது என்பது இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினரின் கணிப்பு. புயலுக்குப் பதினைந்து வருடம் முன்பே நிலம் பேச ஆரம்பித்துவிட்டது என்று இதைப் படிக்கலாம்.

ஒரு சின்ன விஷயம். இன்றும் அந்த மணலில் கையால் இரண்டு மூன்று அடி தோண்டினால், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், உப்புக் கரிக்காத தண்ணீர் ஊறும். மீனவப் பெண்கள் சின்னக் கிண்ணத்தால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தை நிரப்புவார்கள். அவசரப்பட்டு வாரினால் உப்பு ஏறிவிடும். அந்த மண் எவ்வளவு தாங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் வேண்டியதில்லை. நீராவி எஞ்சினுக்கு டன் கணக்கில் தண்ணீர் வேண்டும். ஸ்டேஷனை ஒட்டியிருந்த தண்ணீர்த் தொட்டியின் தூண்கள் இன்னமும் நிற்கின்றன.

போக்குவரத்து மாறிய விதம்

இந்தப் பகுதியை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். 1914 முதல் 1964 வரை ஒரே சீராக ஓஹோவென்று ஓடியது போல ஒரு சித்திரம் இருக்கிறது. அப்படி ஓடியிருக்க வழியில்லை. 1939-ல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆட்கள் இலங்கை போவதைத் தடை செய்தது. பாதையின் பெரிய வாடிக்கையாளர் கூட்டத்துக்கு அன்று கதவு சாத்தப்பட்டது. அப்புறம் உலகப்போர். சுதந்திரத்துக்குப் பின் இரண்டு நாடுகள்; 1948-ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. ஊருக்கும் தோட்டத்துக்கும் நடுவே சர்வசாதாரணமாகப் போய் வந்தவர்கள் பாஸ்போர்ட், விசா என்று நிற்க வேண்டியதாயிற்று.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி ஒன்றரை லட்சம் பேர் விஷயம் பிறகு. எந்தப் பாதை வழியாக அவர்களுடைய பாட்டன் பாட்டி போனார்களோ அதே பாதை வழியாக ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் திரும்பி வரப்போகிறார்கள் என்று இதற்கு அர்த்தம். தனுஷ்கோடிப் பாதைக்குப் புதிதாக ஒரு பெரிய வேலை வந்தது. வந்து ஐம்பத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

நடந்தது: 1964 டிசம்பர் 17 முதல் 25 வரை

டிசம்பர் 17 அன்று தெற்கு அந்தமான் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. 19-ஆம் தேதிக்குள் கடும் புயல். 21-க்குப் பிறகு ஏறக்குறைய நேர்கோட்டில், நாளொன்றுக்கு 400 முதல் 550 கிலோமீட்டர் வரை மேற்கே நகர்ந்தது. 22 அன்று இலங்கையின் வவுனியாவைக் கடந்தது. அன்றிரவு தனுஷ்கோடி. காற்று மணிக்கு 280 கிலோமீட்டர் இருந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. அலை ஏழு மீட்டர் உயரம் எழுந்தது என்பார்கள். அன்று கிழக்குக் கரையில் புயல் பார்க்கும் ரேடார் ஒன்றுகூட இல்லை. முதலாவது விசாகப்பட்டினத்தில் 1970-ல்தான் வந்தது.

இரவு 11.55-க்குப் பாம்பனிலிருந்து 653-ஆம் எண் பாசஞ்சர் கிளம்பியது. ஆறு பெட்டிகள். 110 பயணிகள், 5 ஊழியர்கள். தனுஷ்கோடி ஸ்டேஷனை எட்டச் சில நூறு கஜமே பாக்கி இருந்தபோது அலை மொத்த ரயிலையும் அடித்தது. யாரும் பிழைக்கவில்லை. 110 என்பது டிக்கெட் எடுத்தவர்களை வைத்துச் சொன்ன எண்ணிக்கை. குட்டிப் பாசஞ்சரில், ராத்திரியில், டிக்கெட் இல்லாமல் ஏறுகிறவர்கள் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் இறந்தவர்கள் 200 வரை இருக்கலாம் என்று சொல்லப்படுகிறது. தீவிலும் சுற்றுப்புறத்திலும் சேர்த்து 1,800 பேருக்கு மேல் இறந்தார்கள் என்பது பொதுவாகத் தரப்படும் கணக்கு.

தந்திக் கம்பி போயிற்று, பாலம் போயிற்று. இரண்டு நாள் வரை வெளியே யாருக்கும் விவரம் தெரியவில்லை. மண்டபத்தில் இருந்த கடல்துறை அதிகாரி அனுப்பிய தகவலை வைத்து ரயில்வே 25-ஆம் தேதிதான் அறிவிப்பு வெளியிட்டது.

முதல் முடிவு: 11.55-க்கு ரயிலை விட்டது

தனுஷ்கோடி ஸ்டேஷனுக்கு முன்னால் சிக்னல் விளக்கு எரியவில்லை. ஓட்டுநர் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தார். நீளமாக விசில் கொடுத்துவிட்டு, வருவது வரட்டும் என்று வண்டியை நகர்த்தினார். இதை எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நடந்திருக்கலாம். ஆனால் எஞ்சினில் இருந்தவர் யாரும் திரும்பவில்லை, பெட்டிகளில் இருந்தவர்களும் திரும்பவில்லை. காற்று அலறும் இருட்டில் விசிலைக் கேட்டவர் எங்கே நின்று கேட்டார்? இறந்துபோன ஓர் ஊழியரின் தலையில் ஒரு முடிவைச் சுமத்துகிற கதை எவ்வளவு சுலபமாகப் பரவும் என்பதற்கு இது உதாரணம்.

ஒரு பேச்சுக்கு அது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் அவருக்கு என்ன வழி இருந்தது? நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கலாம். மணல் நாக்கின் மேல், இரண்டு கடலுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது. பின்னோக்கித் தள்ளிப் போகலாம், அதே மணல் மேல் மைல் கணக்கில், இருட்டில். முன்னால் ஸ்டேஷன், சுவர் வைத்த கட்டடம், ஆட்கள். முன்னால் போகத்தான் யாரும் நினைப்பார்கள். எது செய்திருந்தாலும் தண்ணீர் வந்திருக்கும்.

மாற்றியிருக்கக் கூடிய முடிவு பாம்பனில் இருந்தது. அது ஏன் எடுக்கப்படவில்லை என்றால், பெரிய மர்மம் ஒன்றுமில்லை. மார்கழியில் அந்தத் தீவில் மழையும் காற்றும் புதிதல்ல. அது நாள்தோறும் ஓடும் ரயில், நாளின் கடைசி வண்டி. வீட்டுக்குப் போகிறவர்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். வண்டியை நிறுத்தி வைக்கும் அளவுக்குக் காற்று அடிக்கிறதா என்பதைச் சொல்லக் கருவி கிடையாது, எந்த அளவுக்கு மேல் நிறுத்த வேண்டும் என்று விதி கிடையாது. பாதை காலியாக இருக்கிறதா, அடுத்த ஸ்டேஷன் ஏற்கிறதா என்று மட்டும் கேட்கிற முறைக்குள் கடல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற கேள்வி நுழைய இடமே இல்லை. பணியில் இருந்தவர் விதிப்படி நடந்தாரா என்று தேடுவதைவிட, விதி எதைப் பார்க்கவில்லை என்று தேடுவது பலன் தரும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது முடிவு: முதலில் பாலம்

கரைக்கும் தீவுக்கும் நடுவே அன்று சாலைப் பாலம் கிடையாது. அது 1988-ல்தான் வந்தது. ஆகவே ரயில் பாலம் உடைந்தால் தீவு முழுக்கத் துண்டிக்கப்பட்டுவிடும். ராமேஸ்வரம் கோயிலும் அங்கே வாழ்ந்தவர்களும் படகை மட்டும் நம்பி இருக்க வேண்டும். முன்னுரிமை எது என்று யோசிக்கவே தேவையில்லாத நிலைமை.

பாலத்தைச் சரிசெய்ய ரயில்வே ஆறு மாதம் கொடுத்தது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பு 32 வயதுப் பொறியாளர் ஒருவரிடம் வந்தது. பின்னாளில் டெல்லி மெட்ரோவால் நாடறிந்தவர். புதுக் கர்டர்களைச் செய்து வரவழைப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும் என்பதால், கடலுக்குள் விழுந்து கிடந்தவற்றையே எடுத்துத் திரும்பப் பொருத்துவது என்று தீர்மானமானது. எந்தக் கர்டர் எங்கே கிடக்கிறது என்று காட்டியதில் மீனவர்களுக்குப் பங்கு உண்டு. வலை சிக்கும் இடம் அவர்களுக்குத் தெரியும். 46 நாளில் வேலை முடிந்தது. தூக்குப்பாலத்துக்குப் புயலில் சேதம் இல்லை, அதுவும் கைகொடுத்தது.

வேகத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், சரி. எனக்கு முக்கியமாகத் தெரிவது வேறு. பாலத்தின் தூண்கள் நின்றன. கர்டர் விழுந்தாலும் அதை வைக்க ஓர் இடம், பழைய இடமே, இருந்தது. தனுஷ்கோடிப் பக்கம் போனது தண்டவாளம் மட்டுமில்லை. அது கிடந்த மணலும் போயிருந்தது.

மூன்றாவது முடிவு: தனுஷ்கோடியை விட்டுவிடுவது

சென்னை மாநில அரசு தனுஷ்கோடியை மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது. குடியிருப்பு இல்லை என்றால் சுங்கம் இல்லை, தபால் ஆபீஸ் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. ரயில்வே பார்வையில் மிச்சம் இருந்தது ஒரே கேள்வி: கப்பல்.

இலங்கைக் கப்பல் தனுஷ்கோடியிலிருந்துதான் புறப்பட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ராமேஸ்வரத்திலிருந்தும் போகலாம். கடல் தூரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அதற்கு ஈடாக 15 மைல் மணல் பாதையைப் பராமரிக்கும் தொல்லை ஒழியும்; ராமேஸ்வரத்துக்கு ஏற்கனவே பாதை இருக்கிறது, ஊர் இருக்கிறது, யாத்திரிகர் கூட்டம் இருக்கிறது. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. போட் மெயிலும் மாறியது. ஆறேகால் மைல் கிளை முதன்மைப் பாதையானது. 15 மைல் முதன்மைப் பாதை கிளையாகி, பிறகு ஒன்றுமில்லாமல் போனது. பாம்பன் ஜங்ஷன் வெறும் பாம்பன் ஆயிற்று.

இது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். உணர்ச்சிவசப்பட்டு 1965-ல் பாதையைத் திரும்பப் போட்டிருந்தால், இருபது வருடத்துக்குள் கப்பலே இல்லாத துறைமுகத்துக்கு ரயில் விட்டுக்கொண்டிருப்போம். பாதை ஊருக்குச் சேவை செய்யும்போது ஊர் மிஞ்சினால் பாதைக்கும் ஒரு நியாயம் மிஞ்சும். இங்கே மூன்றும் ஒரே நூலில் கோத்திருந்தன: கப்பல், ஸ்டேஷன், ஊர். கப்பலை எடுத்து வேறு இடத்தில் வைத்த பிறகு மற்ற இரண்டையும் நிமிர்த்த யாரிடமும் காரணம் இல்லை.

குறை சொல்ல வேண்டும் என்றால் ஒன்று சொல்வேன். கப்பலை நம்பாத ஒரு கூட்டம் அங்கே இருந்தது, மீனவர்கள். வாழத் தகுதியற்றது என்று அறிவித்த இடத்துக்கு அவர்கள் திரும்பினார்கள், ஏனென்றால் மீன் அங்கேதான் இருந்தது. அரசின் தாளில் ஊர் இல்லை என்பதால் பல பத்தாண்டுகள் மின்சாரம் இல்லாமல், கீற்றுக் கொட்டகைகளில் இருந்தார்கள். பாதையை மூடும் முடிவும் ஊரை மூடும் முடிவும் ஒன்றாக எடுக்கப்பட்டதன் விலை அது. முன்னதற்கு வலுவான காரணங்கள் இருந்தன. பின்னது நடைமுறையில் நிறைவேறவே இல்லை.

தொடர்ந்தது

ஒப்பந்தப்படி திரும்பிய மலையகத் தமிழர்கள் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள். அங்கிருந்து மண்டபம் முகாம். பாட்டன் போகும்போது சோதனை செய்த முகாமே பேரன் திரும்பும்போது தங்கவைத்தது. கப்பல் 1984-ல் நின்றது. காரணம் இலங்கையின் உள்நாட்டுப் போர். போட் மெயில் என்ற பெயர் மட்டும் ராமேஸ்வரம் போகும் ரயிலுக்கு ஒட்டிக்கொண்டது.

கடலுக்கு அந்தப் பக்கத்து இரட்டைப் பிறவியோடு ஒப்பிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். மதவாச்சி – தலைமன்னார் பாதையும் 1914-ல் பிறந்தது, அதே கப்பலுக்காக. போரில் 1990-ல் நின்றது. தண்டவாளமே இல்லாமல் கால் நூற்றாண்டு கிடந்தது. பிறகு இந்தியப் பொதுத்துறை நிறுவனமான இர்கான் அதைத் திரும்பக் கட்டியது. 2015 மார்ச் 14 அன்று தலைமன்னார் வரை ரயில் ஓடியது. இத்தனைக்கும் அங்கேயும் கப்பல் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. ஆனால் அந்தப் பாதையில் மடுவில் மாதா கோயில் இருக்கிறது, மன்னார் தீவில் மக்கள் இருக்கிறார்கள். கப்பல் போனபின்னும் ஏறி இறங்க ஆள் இருந்த பாதை அது. கடலின் இந்தப் பக்கம் அந்த ஆள் ராமேஸ்வரத்தில் இருந்தார்.

இதற்கிடையில் பாம்பன் பாலம் 2007-ல் அகலப்பாதையானது. 2022 டிசம்பரில் துருவும் வயதும் சேர்ந்து அதன் மேல் ரயில் நின்றது. பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தது. தனுஷ்கோடிக்கு ரயில் இல்லாமலே கூட்டம் வந்தது. மீன் லாரியும் ஜீப்பும் மணலில் தத்திக்கொண்டு போன வழியில், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணல் நாக்கின் நுனியான அரிச்சல்முனை வரை 2017-ல் தார்ச்சாலை வந்துவிட்டது. இப்போது இடிந்த தேவாலயத்தின் பவளக் கல் சுவருக்கு எதிரே சங்கு, சிப்பி, பொரித்த மீன் கடைகள். காலையில் வந்து இருட்டும் முன் போய்விடுகிறார்கள்.

நான்காவது முடிவு: திரும்பப் போடலாமா?

2019 மார்ச் 1 அன்று ராமேஸ்வரம் – தனுஷ்கோடி அகலப்பாதைக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். 17.2 கிலோமீட்டர், 208 கோடி ரூபாய். பழைய தடத்திலிருந்து ஒரு முக்கிய மாற்றம்: பாம்பனில் பிரியாமல் ராமேஸ்வரத்திலிருந்து நீட்டுவது. நிலம் கிடைப்பதில் சிக்கல், பவளத்திட்டும் ஆமையும் உள்ள கடற்கரையின் சுற்றுச்சூழல் பற்றிய எதிர்ப்பு, கடைசியில் திட்டத்தைக் கைவிடும்படி மாநில அரசே கேட்டது. வேலை நகரவில்லை.

1965-ல் கேட்ட கேள்வியை இங்கே திரும்பக் கேட்டுப் பார்க்கலாம். ரயில் யாருக்கு? கப்பலுக்கு இல்லை. மீனவருக்கு வேண்டியது மின்சாரம், பள்ளிக்கூடம், ஐஸ், சாலை; இதில் சாலை வந்துவிட்டது. மிச்சம் சுற்றுலாப் பயணி. அவரை ராமேஸ்வரத்தில் இறக்கிவிட்டால் பஸ்ஸில் போய்விடுவார். மணலின் மேல் அகலப்பாதை வேண்டும் என்பதற்கு ஒரு வலுவான வாதத்தை நான் இதுவரை பார்க்கவில்லை. பழைய பெருமை மீள வேண்டும் என்கிறார்கள். அந்தப் பெருமையில் ஒரு பங்கு தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்களின் டிக்கெட் காசு என்பதை அவர்கள் சொல்வதில்லை.

இன்று செய்தால் மாறக்கூடியவை

ஒன்று ஏற்கனவே மாறிவிட்டது. பழைய பாலத்தில் பிற்காலத்தில் காற்றுமானி வைத்தார்கள். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் யோசிக்க வேண்டியதில்லை, ஓட்டுநர் துணிச்சல் காட்ட வேண்டியதில்லை, ஏறி உட்கார்ந்தவர்கள் முணுமுணுப்பதற்கு மதிப்பும் இல்லை. 1964-ல் பாம்பனில் இருந்தவருக்கு இல்லாமல் போன துணை அது. காற்று அடங்கக் காத்துக்கொண்டு மண்டபத்தில் ரயில் மணிக்கணக்கில் நின்றதுண்டு, அலுத்துக்கொண்டவர்களும் உண்டு.

ஆனால் 653-ஐக் கொன்றது தண்ணீர். பாலத்தின் மேல் காற்றை அளப்பதும், தாழ்ந்த மணல் மேல் கடல் ஏறுவதை முன்கூட்டிச் சொல்வதும் இரண்டு தனி வேலைகள். தனுஷ்கோடிக்குப் பாதை வேண்டும் என்கிற கோப்பு மறுபடி மேசைக்கு வருமானால், அதில் பயணிகள் எண்ணிக்கைக்கு முன்னால் வர வேண்டிய தாள் ஒன்று உண்டு: டிசம்பரில், இரவில், எத்தனை மணி நேர அவகாசத்தில் அந்த நாக்கிலிருந்து எத்தனை பேரை, எந்த வழியாக வெளியே கொண்டுவருவது. 1964-ல் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் 11.55-க்கு வண்டி உள்ளே போயிருக்காது; அதற்கு முன்பே காலிப் பெட்டிகளோடு போய் ஊரை ஏற்றிக்கொண்டு வந்திருக்கும்.

மீனவர் குடியிருப்பைப் பற்றியும் அதே தாளில் எழுத வேண்டும். அவர்கள் அங்கே இரவிலும் இருக்கிறார்கள்.